பஸ் அம்மாவுக்கு மேக்கப் தேவையில்லை

நான் ஒப்பனைப் பெட்டி என்று சொல்வது உண்மையில் மீன் பிடிப்பவர்கள் தூண்டிலும் கொழுக்கியும் போட்டு வைக்கும் பச்சைப் பிளாஸ்டிக் பெட்டி. தட்டுத் தட்டாகத் திறக்கும். மேல் தட்டில் கண்மையும் பொட்டுகளும், நடுத் தட்டில் தூரிகைகள், அடியில் முகத்துக்கு அடிப்பூச்சாகப் பூசுகிற பான்கேக் டப்பாக்கள் மூன்று. ஒன்று ரோஜா கலந்த வெள்ளை, ஒன்று சந்தனம், ஒன்று தேன் நிறம். இந்தக் கங்காரு தேசத்தில், டூங்கபியில் இருக்கிற எங்கள் தமிழ்ப் பாடசாலையில் அந்த மூன்று நிறத்திலும் ஒரு பிள்ளைகூட இல்லை. எல்லாரும் அதைவிடக் கறுப்பு. பத்து வருடமாக அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்த எனக்கு இது ஒருநாளும் உறைக்கவில்லை.

என் மகள் நாலு வயதில் நடனம் பழகத் தொடங்கினாள். அவளுக்குப் பூசப் போய்த்தான் நான் இந்த வேலையைப் படித்தேன். பிறகு ஒவ்வொரு வருடமும் பாடசாலைக் கலைவிழாவுக்கு என்னைப் பிடித்து இருத்திவிடுவார்கள். கிழமை நாட்களில் நான் முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, ஊட்டிவிடுகிறவள். கலைவிழா அன்றைக்கு மட்டும் மேக்கப் அன்ரி.

இந்த வருடக் கலைவிழாவுக்குப் பாடசாலைத் தலைவரின் மைத்துனர் நியூ ஜேர்சியிலிருந்து வருகிறார் என்று பங்குனியிலேயே அறிவித்துவிட்டார்கள். மற்ற வருடங்களில் சிறப்பு விருந்தினராக நகரசபை உறுப்பினரோ, பக்கத்துத் தெருப் பல் வைத்தியரோ வந்து பரிசு கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்காக யாரும் நாடகம் எழுதியதில்லை. மைத்துனருக்காகத் தலைவர் தானே இருந்து இருபத்தைந்து நிமிட நாடகம் ஒன்று எழுதினார். ‘அமெரிக்காவின் திருப்புமுனைகள்’.

அப்போதே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. நாங்கள் குடியிருக்கிற மண் யாருடையது என்று ஒரு வரி எங்கள் மேடையில் பத்து வருடத்தில் சொல்லப்படவில்லை. ஒரு காலத்தில் வெள்ளைத் தோல் இல்லாதவனை இந்த நாடு உள்ளே விடாது என்பதையும் எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்ததில்லை. நியூ ஜேர்சியிலிருந்து ஒரு மைத்துனர் வருகிறார் என்றவுடன் எங்களுக்கு வரலாற்றில் பக்தி வந்துவிட்டது.

அந்தப் பிரதியை வாசித்துப் பார்த்தேன். போலியோவால் கால் செயலிழந்த ஜனாதிபதி வருகிறார், ஆனால் வீல் செயார் இல்லாமல். அவ்வளவு பெரிய மனிதரை உருட்டிக்கொண்டு வருவது வடிவில்லையாம். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோதும் அந்தச் செயாரைப் படம் எடுக்க விடமாட்டார்களாம். எங்கள் தலைவர் அவர்களையும் மிஞ்சி, ஆளை நடக்கவே வைத்துவிட்டார். அணுகுண்டு இல்லை, அன்றைக்குச் சின்னப் பிள்ளைகள் வருவார்கள் என்று. வியட்நாம் இல்லை, அது சிக்கலாம். திறந்த காரில் சுடப்பட்ட ஜனாதிபதி உண்டு, ஆனால் வெடிச் சத்தம் இல்லை. அவர் கையசைத்துக்கொண்டே திரைக்குப் பின்னால் போய்விடுவார். சந்திரனில் இறங்குவது உண்டு. கனவைப் பற்றிப் பேசிய கறுப்பினப் பாதிரியார் உண்டு, அவரைச் சுட்டது இல்லை. அதற்கு முன்னால் இரண்டு நிமிடம், பஸ்ஸில் வெள்ளைக்காரனுக்குத் தன் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த கறுப்பினத் தையல்காரப் பெண்மணி. யாருக்கும் நோகாத வரலாறு.

பாத்திரத் தெரிவு ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்த பிறகு மண்டபத்தில் நடந்தது. நாடகத்துக்குப் பொறுப்பான அக்கா மேல்வகுப்புப் பெண் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். இருக்கிறதற்குள் வெள்ளைப் பிள்ளைக்கு, சுடப்பட்ட ஜனாதிபதியின் மனைவி வேடம், ரோஸ் நிற உடுப்பும் பெட்டி போன்ற தொப்பியும். அடுத்த வெள்ளைக்குப் போலியோ ஜனாதிபதியின் மனைவி. வரிசையின் கடைசியில் என் மகள் நின்றாள். பதினாலு வயது, என் நிறம் அப்படியே அவளுக்கு. அக்கா அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

“நீ பஸ் அம்மா. உனக்கு மேக்கப்பே தேவையில்லைப் பிள்ளை. இப்பிடியே வந்து இருந்தால் சரி.”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. பெற்றோர் சிரித்தார்கள், பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறைத்து இதை எழுதுவதில் அர்த்தமில்லை. அந்தச் சிரிப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். கறுத்தப் பெட்டை என்றாலும் முகம் களைதான் என்று பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னபோதும் இதே சிரிப்பைத்தான் சிரித்தேன். சிரித்துவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்று எனக்கு யாரோ எப்போதோ பழக்கிவிட்டிருந்தார்கள். மகள் சிரிக்கவில்லை. அக்காவைப் பார்க்கவும் இல்லை, என்னைத்தான் பார்த்தாள்.

காரில் வரும்போது, அந்த அன்ரி என் நிறத்தைப் பார்த்துத்தானே என்னைத் தெரிவு செய்தவர் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை, அது பெரிய வீராங்கனையின் பாத்திரம், உனக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றேன். நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். வீடு வந்து சேரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியபடி இருந்தாள்.

அவளுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், தேடுவாள். அது தகப்பனின் குணம். அடுத்த கிழமை நான் குசினியில் லீக்ஸ் நறுக்கிக்கொண்டு நிற்க, மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிரதியில் அந்தத் தையல்காரப் பெண்மணி, கால் உளைகிறது, வலியில் எழும்ப முடியவில்லை என்று சொல்வதாக இருந்தது. அது பிழையாம். அவ ஒன்றும் கால் உளைந்து இருந்துவிட்ட அப்பாவி இல்லை. பல வருடமாக உரிமை இயக்கத்தில் வேலை செய்தவ, என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் இருந்தவ. பிறகு மகள் இன்னொன்று சொன்னாள். அதைக் கேட்டு நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அதே நகரத்தில், அதற்கு ஒன்பது மாதம் முன்னர், இன்னொருத்தி இதையே செய்திருக்கிறாள். பதினைந்து வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளை. எழும்பமாட்டேன் என்றவளைப் பொலிஸ் இழுத்து இறக்கி, கையில் விலங்கு போட்டுக் கொண்டுபோனது. ஆனால் போராட்டத்தின் முகமாக அவளை நிறுத்தவில்லை. வயது குறைவு என்றார்கள், வாய்த்துடுக்கு என்றார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை, கறுப்பிலும் கூடக் கறுப்பு. பிறகு கலியாணம் ஆகாமலே பிள்ளைத்தாய்ச்சி ஆனாள், அதோடு கதை முடிந்தது. தையல்காரப் பெண்மணி கறுப்பு குறைந்தவ, மணமானவ, மரியாதையானவ என்று ஊர் ஒப்புக்கொண்டவ. இத்தனைக்கும் பஸ்ஸில் பிரித்து இருத்துவதை முடித்துவைத்த வழக்கில் தன் பெயரைக் கொடுத்து, கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவர்களில் அந்தப் பிள்ளை ஒருத்தி. பிறகு அவள் நியூயோர்க்குக்குப் போய் முதியோர் இல்லமொன்றில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை செய்தாளாம். முப்பது வருடத்துக்கு மேல்.

என் வேலை. காலையில் ஏழு மணிக்கு யாரோ ஒருவரின் காலுறையைக் குனிந்து மாட்டிவிடுகிற வேலை. நான் கழுவிவிடுகிறவர்களில் ஒருவர்கூட என்னைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நியூயோர்க்கில் அவள் குளிப்பாட்டிய கிழவர்களுக்கும் தெரிந்திருக்காது, இந்தக் கைக்கு ஒருகாலம் விலங்கு போட்டது என்று. நான் பார்த்தே இராத ஒருத்திக்காக அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அவளாக நடிக்க விரும்புகிறேன் என்றாள் மகள். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. மகள் வலையில் வாசித்த கட்டுரையைத் தமிழில் சுருக்கித் தலைவருக்கு அனுப்பிவைத்தேன். அடுத்த சனிக்கிழமை பாடசாலை வாசலில் அவரைப் பிடித்தேன். ஒரு கையில் தேநீர், மற்றக் கையில் மண்டபக் கதவுகளின் திறப்புக் கோர்வை. இரண்டு நிமிடக் காட்சிக்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கு ஒரு நிமிடம் கேட்டேன், வேறொன்றும் இல்லை.

“தங்கச்சி, அது ஆருக்கும் தெரியாத பிள்ளை,” என்றார். “மச்சான் அங்கை இவ்வளவு வருசம் இருக்கிறார், அவரே கேள்விப்பட்டிருக்கமாட்டார்.”

அதற்காகத்தானே சொல்லவேண்டும் என்றேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அதோடை அந்தப் பிள்ளையின்ரை மற்றக் கதை இருக்கெல்லோ. கலியாணம் கட்டாமல். இது சின்னப் பிள்ளையள் ஏறுற மேடை. நாங்கள் முன்னுக்கு நிப்பாட்டுற ஆக்கள் மதிப்பான ஆக்களா இருக்கவேணும்.”

நான் இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். விலங்கு இருந்தது, வழக்கு இருந்தது, முப்பது வருட உழைப்பு இருந்தது. அந்த மனிதர் வாசித்துத் தலைக்குள் வைத்திருந்தது அவளுடைய வயிற்றை மட்டும்தான்.

“அங்கையும் அவளுக்கு இதைத்தான் சொன்னவை,” என்றேன். “நீங்கள் புதுசா ஒண்டும் சொல்லேல்லை.”

அவருக்கு விளங்கவில்லை. அல்லது விளங்கியும் தேநீரைக் குடித்தார். மகளை நாடகத்திலிருந்தே எடுத்துவிடப் போகிறேன் என்று வீட்டில் வந்து குதித்தேன். அவள்தான் வேண்டாம் என்றாள். தையல்காரப் பெண்மணி என்ன பிழை செய்தவ, அவவை ஏன் விட்டுவிடவேண்டும் என்று கேட்டாள். கால் உளைகிற வசனத்தை மட்டும் எடுக்கச் சொல்லி நாடக அக்காவிடம் தானே போய்க் கேட்டாள். அக்கா நேரம் மிச்சம் என்று உடனே வெட்டிவிட்டார்.

கலைவிழா ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் நான் மத்தியானம் ஒரு மணியிலிருந்து குனிந்து நின்றேன். பத்தொன்பது பிள்ளைகள். ஒவ்வொருவராக வந்து பிளாஸ்டிக் கதிரையில் ஏறி, சொல்லாமலே நாடியை உயர்த்திக் கண்ணை மூடுவார்கள். பஞ்சை நனைத்து, டப்பாவில் தேய்த்து, நெற்றி, கன்னம், மூக்கு, நாடி. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். ஜனாதிபதிகளுக்கு ரோஜா வெள்ளை, அவர்களுடைய மனைவிமாருக்கு அதன் மேல் இன்னொரு பூச்சு. சந்திரனுக்குப் போகிறவர்களுக்குத் தலைக்கவசம் இருப்பதால் சந்தனமே போதும். கை வேலை செய்தது. மனம் முழுக்கத் தலைவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. மதிப்பான ஆக்கள் என்று சொன்னாரே, அதற்கு என்னென்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று நினைத்து நினைத்து எனக்குள்ளேயே பொரிந்துகொண்டிருந்தேன். நிறம் பார்த்து ஒரு பிள்ளையை ஒதுக்கிய உலகத்தை அந்த அறைக்குள் நின்று திட்டித் தீர்த்தேன்.

கடைசியாக மகள் வந்து உட்கார்ந்தாள். தையல்காரப் பெண்மணியின் சாம்பல் நிறக் கோட்டும் வட்டக் கண்ணாடியும். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு நாடியை உயர்த்தினாள். நான் பஞ்சை நனைத்தேன்.

இடது கன்னமும் பாதி நெற்றியும் முடிந்திருக்கும். அவள் கண்ணைத் திறந்து எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

“ஹூ இஸ் திஸ் ஃபோர், அம்மா?”

இது யாருக்காக என்று கேட்டாள். நானும் கண்ணாடியைப் பார்த்தேன். முகத்தின் ஒரு பாதி என் பிள்ளை. மறுபாதி சந்தன நிறத்தில் வேறு யாரோ. கறுப்புப் பெண்ணாக நடிக்கக் கறுப்பு என்பதற்காகவே தெரிவு செய்யப்பட்டவள். அவளை மேடையில் ஏற்றுவதற்கு முன் நான் வெள்ளையாக்கிக்கொண்டு நின்றேன். யாரும் சொல்லவில்லை. நாடக அக்காவே பூசத் தேவையில்லை என்று சொன்ன முகம். என் கை தானாகப் போய் அந்த டப்பாவை எடுத்திருக்கிறது.

எனக்கு வெட்கம் காலிலிருந்து தலைக்கு ஏறியது. வீட்டு ஹோலில் அவளுடைய ஏழு வயதுச் சலங்கை பூசைப் படம் மாட்டியிருக்கிறோம். முகம் ஒரு நிறம், கழுத்தும் கையும் இன்னொரு நிறம். ஏன் அம்மா என் முகமும் கையும் வேறு வேறு ஆட்களுடையதுபோல் இருக்கிறது என்று அந்த வயதில் கேட்டாள். படம் எடுத்தவரின் லைற் அப்படி என்று சொன்னேன். அதையும் அவள் மறந்திருக்கமாட்டாள் என்று அந்தக் கணத்தில் தெரிந்துகொண்டேன். தலைவர் ஒரு நாளில் சொன்னதை நான் அவளுடைய முகத்தில் பத்து வருடமாகச் சொல்லிவந்திருக்கிறேன், பஞ்சால், மெதுவாக, தாயின் கையால்.

ஈரத் துணியை எடுத்தேன். அவள் அதை என்னிடமிருந்து வாங்கித் தானே துடைத்தாள். காதோரம், முடி தொடங்கும் இடம், மூக்கின் பக்கம் என்று ஒன்றும் விடாமல் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பிப் போனாள்.

மேடையில் எட்டுக் கதிரைகளை இரண்டு வரிசையாகப் போட்டதுதான் பஸ். ரோஜா வெள்ளை பூசிய பொலிஸ்காரன் வந்து எழும்பச் சொன்னான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிரதியில் கால் உளைவு இருந்த இடத்தில் இப்போது ஒரு சொல்தான் இருந்தது.

“ஏலாது.”

கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். மண்டபம் கைதட்டியது. நான் திரைக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

அதன்பிறகு சிறப்பு விருந்தினர் பேசினார். ஒரு பெட்டியோடு போய் இறங்கியவராம், உழைப்பால் உயர்ந்தவராம், அமெரிக்கா உழைக்கிறவனுக்குக் கதவு திறக்குமாம். அந்தக் கதவை யார் உதைத்துத் திறந்தது என்று அவர் சொல்லவில்லை. பிறந்த நாட்டைப் பார்த்துக் குடியேற ஆள் எடுத்த பழைய சட்டம் அங்கே மாறியது, இந்த பஸ்ஸிலும் தெருவிலும் கறுப்பு மக்கள் அடி வாங்கிய அதே வருடங்களின் சூட்டில்தான். அவர்கள் எழும்பமாட்டோம் என்று இருந்ததால்தான் மைத்துனருக்கு நியூ ஜேர்சியில் இருக்க ஒரு கதிரை கிடைத்தது. அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். தெரியாமல் இருப்பது அவ்வளவு சுகமாக இருக்கும்போது யார்தான் தேடிப் போவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருந்தேன்.

நிகழ்ச்சி முடிந்து றோல்ஸும் தேநீரும் கொடுக்கிற மேசையடியில் நானும் மகளும் நின்றோம். அவள் இன்னும் அந்தச் சாம்பல் கோட்டோடுதான். தலைவர் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். இவதான் எங்கடை மேக்கப் என்று என்னைக் காட்டினார். மனிதர் நல்லவர்போலத்தான் இருந்தார், சிரித்த முகம். என் மகளைக் காட்டி என்னிடம் பாராட்டுச் சொன்னார்.

“எல்லாத்திலையும் இந்தப் பிள்ளையின்ரை மேக்கப்தான் திறம். அந்தக் கறுப்பு அப்பிடியே அசலா வந்திருக்கு. என்ன பூசினனீங்கள்?”

என் வாயில் பதில் தயாராக நின்றது. இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்த கோபம் முழுக்க ஒரே மூச்சில் வரப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. அது என்ரை பிள்ளையின்ரை முகம், மேக்கப் போட்டது மற்றப் பிள்ளைகளுக்கு என்று சொல்லி, அந்த மண்டபத்தையே திரும்பிப் பார்க்க வைக்க இருந்தேன். மகள் முந்திவிட்டாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், அவருக்கு ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னாள்.

“எனக்கு ஒண்டும் பூசேல்லை அங்கிள். இது என்ரை முகம். அம்மா வெள்ளையாப் பூச வந்தவ, நான்தான் வேண்டாமெண்டு துடைச்சனான்.”

தலைவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். மைத்துனர் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார். பக்கத்தில் நின்ற நாடக அக்காவும் சேர்ந்து சிரித்தார். மகள் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அன்றைக்கு வரிசையின் கடைசியில் நின்று பார்த்ததுபோல் என்னைத்தான் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை சிரித்த சிரிப்பு எனக்கு ஆயுளுக்கும் போதும்.